கண்ணாடிக்கு முதுகு

அந்த அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி. முதலாளியம்மாவுக்கு அவள் நாத்தனார். நான் தலை அலசிவிடுகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊருக்கே தெரியும், அதனால் மூடி மறைக்கப்போவதில்லை. அந்த முதலாளியம்மாவைக் கண்டாலே எனக்கு ஆகாது.

கடையை வைத்தது அவள், ஓட்டியது கத்திரி. முதலாளியம்மாவுக்கு முடி வெட்டத் தெரியாது. கத்தரிக்கோலை எந்த விரலில் மாட்டுவது என்றுகூடத் தெரியாது. கல்லாவில் நின்றபடி எங்களைப் பார்ப்பதுதான் அவள் தொழில். கஸ்டமர் காதுபட யாரையும் திட்டக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். அதனால் திட்டெல்லாம் கண்ணாடி வழியாகத்தான் வரும். நாற்காலிக்கு எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி, பின்னால் கல்லா. நிமிர்ந்தால் போதும், கத்திரியின் தோளுக்கு மேலே அவள் அண்ணியான முதலாளியம்மாவின் முகம். புருவம் ஏறினால் சீக்கிரம் முடி என்று அர்த்தம். உதடு சுழித்தால் இதெல்லாம் ஒரு வெட்டா என்று அர்த்தம். மூக்கு விடைத்தால் சாயங்காலம் வீட்டில் இருக்கிறது கச்சேரி. கஸ்டமர் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருப்பார், அவருக்கு எதுவும் தெரியாது.

வீட்டுக்குப் போனாலும் அதே முகம்தான். புருஷனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்த கத்திரி, அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள்.

வலி முதலில் கழுத்தில் பிடித்தது. பிறகு வலது தோள், முழங்கை, கட்டைவிரல் என்று இறங்கியது. மத்தியானத்துக்குள் கை மரக்கட்டையாகிவிடும். சாப்பிட்டது வயிற்றில் நிற்காது, தூக்கமும் போயிற்று. தைலம் தேய்த்தாள், ஊசி போட்டாள், கழுத்துக்குப் பட்டை மாட்டினாள். நோயாளி வெட்டுகிற கடைக்கு எவள் வருவாள் என்று அண்ணி அதையும் கழற்ற வைத்தாள். கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பும் நரம்பும் சுத்தமாக இருப்பதாக வந்தது. நல்ல ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏதாவது ஒண்ணு இருந்திருக்கலாம்டி. இனிமே நான் வலிக்குதுன்னா யாரு நம்புவா?"

யாரும் நம்பவில்லை. அண்ணி அதோடும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளுக்கு முடி வெட்டிவிடச் சொல்லிவிட்டு வெளியே கிளம்புகிற மாதிரி கிளம்பினாள். கத்திரி மொட்டை மாடியில் அந்தக் குழந்தையை உட்காரவைத்து, கதை சொல்லிக்கொண்டே வெட்டி முடித்தாள். கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. அண்ணி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அதை போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரிய துப்பறியும் சிங்கம்!

அன்றே அண்ணனிடம் காட்டியாயிற்று. "பாத்தீங்களா உங்க தங்கச்சி வலியை? கடைக்கு வந்தா மட்டும்தான் வருமாம். இந்த மாசம் முடியட்டும். கை இப்படியே இருந்துச்சுன்னா வேற பொண்ணை வெச்சுக்கிறேன். இவ வீட்டோட இருந்து சமையலைப் பாக்கட்டும்."

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அந்த மனுஷன் என்றைக்குத்தான் திறந்தார்? கத்தரிக்கோல் போனால் கத்திரிக்கு மிச்சம் அந்த வீட்டு அடுப்படிதான். சம்பளமில்லாத வேலைக்காரி. அண்ணியின் கணக்கும் அதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

எனக்குத் தாங்காமல் போனது அதுகூட இல்லை. மறுநாள் கத்திரியே என்னிடம், "நான் நெஜமாவே நடிக்கிறேனோ?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பிசியோதெரபி அறைக்குப் போனேன்.

அங்கே இருந்த அம்மா முதலில் கையைத் தொடவே இல்லை. எப்போது வலிக்கிறது, எப்போது வலிக்கவில்லை என்று மட்டும் கேட்டார். கத்திரி ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி மாடிக் கதையைச் சொன்னாள்.

"ஸ்கேன்ல எலும்பு தெரியும், வலி தெரியாதும்மா," என்றார் அவர். "உங்க வலி நெஜம்தான்."

"அப்புறம் மாடியில ஏன் வலிக்கல?"

"அங்க யாரு பாத்துக்கிட்டு இருந்தாங்க?"

"யாரும் இல்ல. அண்ணி ஒளிஞ்சு நின்னது எனக்குத் தெரியாது."

"இப்ப உங்க தோளைப் பாருங்க."

அண்ணி என்ற பேச்சு வந்ததுமே இரண்டு தோளும் காதுக்குப் பக்கத்தில் போயிருந்தன. கத்திரி அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"அடி விழப்போகுதுன்னு உடம்பு இறுகிக்குது. எப்பவாவதுன்னா பரவாயில்ல. நாள் பூரா, வருஷக்கணக்கா இறுகினா தசை வலிக்காம என்ன பண்ணும்? அப்புறம் மூளையும் உஷாராயிடும். சின்ன இறுக்கத்தையும் பெரிய வலியாக் காட்டும். வலி உச்சத்துக்குப் போற வரைக்கும் வெட்டிக்கிட்டே இருக்காதீங்க, ஏற ஆரம்பிக்கும்போதே நிறுத்துங்க. தோளை இறக்கி, மூச்சை மெதுவா வெளிய விடுங்க. தினம் நடங்க. ஒரேயடியாப் போயிடாது, ஆனா குறையும்."

"அண்ணிக்கு ஏதாவது மருந்து இருக்கா?" என்று கேட்டேன்.

"அது என் டிபார்ட்மென்ட் இல்ல," என்றார்.

கத்திரி சொன்னதை எல்லாம் செய்தாள். தூக்கம் கொஞ்சம் திரும்பியது. கடையில் கை மட்டும் பழையபடியே இருந்தது, கண்ணாடி அங்கேயேதானே இருக்கிறது? மாதமும் முடிய இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கூட்டம். இடுப்பு வரை முடி வைத்திருந்த ஒரு டீச்சர், தோளோடு வெட்டச் சொல்லி உட்கார்ந்தார். ஒரு பக்கம் வெட்டியாயிற்று. கண்ணாடியில் புருவம் ஏறியது. கத்திரியின் தோளும் கூடவே ஏறியது, கை நின்றது. போச்சு என்று நினைத்தேன். கத்திரி மூச்சை வெளியே விட்டாள். பிறகு நாற்காலியை டீச்சரோடு சேர்த்து அப்படியே கல்லாப் பக்கம் திருப்பிவிட்டாள்.

அண்ணி பறந்து வந்து அவள் காதில் சீறினாள். "என்னடி கூத்து இது? திருப்பு."

கத்திரி காதில் பேசவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "தோள் வலிக்குது அண்ணி. கண்ணாடியில உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு என்னால வெட்ட முடியாது. நாற்காலி இப்படியே இருந்தா நான் வெட்டுறேன். திருப்பணும்னா..." கத்தரிக்கோலை நீட்டினாள். "நீங்க வெட்டுங்க."

ஒரு பக்கம் தோள் வரை, மறுபக்கம் இடுப்பு வரை முடியோடு உட்கார்ந்திருந்த டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாராவது ஒருத்தர் வெட்டுங்களேன்!"

அண்ணி கத்தரிக்கோலைப் பார்த்தாள். தொடவில்லை. கல்லாவுக்குத் திரும்பி நடந்தாள்.

கத்திரி உடனே ஆரம்பித்துவிடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். தோளை இறக்கினாள், விரல்களை மடக்கி நீட்டினாள். கடையே காத்திருந்தது. பிறகு எழுந்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டினாள். கை நிற்கவில்லை. வலிக்கத்தான் செய்தது, ஆனால் தாங்குகிற வலி என்று பிறகு சொன்னாள்.

டீச்சர் இப்போது கல்லாவுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். பயத்தில் கண் கொட்டாமல் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியால் புருவத்தை ஏற்ற முடியவில்லை, உதட்டைச் சுழிக்க முடியவில்லை. கஸ்டமர் பார்க்கும்போது சிரிக்க வேண்டும் என்பதும் கடைச் சட்டம், அவளே போட்டது. கடைசி முடி விழும்வரை பல் தெரியச் சிரித்தபடி நின்றாள். கன்னமெல்லாம் இறுகி வலித்திருக்கும். வலிக்கட்டும்.