ஜெபம் வராத வெள்ளிக்கிழமை

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. தம்போய் வட்டாரத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்தவர், சட்டைப் பொத்தான் போடக்கூட என்னை எதிர்பார்க்கும்படி ஆயிற்று. சபையே எங்களுக்காக ஜெபித்தது. நான் உபவாசம் இருந்தேன். மாதங்கள் போயின. கை எழும்பவில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் மனம் காய்ந்துபோனதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் சபையில் சாந்தி என்று ஒரு சகோதரி, என்னைவிட இளையவள். அவள் கணவருக்கும் இதே வியாதிதான் வந்தது. அவர் எழுந்து நடந்தார், மறுபடியும் லோரி ஓட்டினார். சாந்தி சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளே எரிந்தது. "ஆண்டவரே, எங்க வீடு மட்டும் உங்க கண்ணுல படலையா?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு முழங்கால் போட்டால் வார்த்தையே வராது. பைபிளைத் திறப்பேன், மனதில் ஒன்றும் ஏறாது. இனிமேல் சர்ச்சுக்கே போக வேண்டாம் என்ற எண்ணம் வர ஆரம்பித்தது. அதுதான் எனக்குப் பயம். ஒருநாள் பாத்திரம் கழுவும்போது இது ஒன்றை மட்டும் கேட்டேன்: "உங்களை விட்டுப் போயிடுவேன் போல இருக்கு. நீங்க என்னை விட்டுடாதீங்க."

எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும். எந்த வீட்டில் கூட்டமோ, அந்த வீட்டு அம்மாதான் முதல் ஜெபம் செய்ய வேண்டும். எங்கள் முறை வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கை எனக்குத்தானே வரலை, உனக்கு என்னா?" என்றார். "நீ சாப்பாட்டுக்கு மீஹூன் பிரட்டு. வர்றவங்க வரட்டும்."

வந்தார்கள். பாட்டு முடிந்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். "ஆண்டவரே" என்றேன். காற்றாடி சத்தம் மட்டும் கேட்டது. மறுபடியும் "ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அப்போது சாந்திதான் வாயைத் திறந்தாள். "போதும் லா அக்கா. ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. அவருக்கு என்னா, காது கேக்காதா?"

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான், கோணின வாயோடு. பிறகு எல்லாரும். நானும் சிரித்தேன், கூடவே அழுகையும் வந்தது. சாந்தி எழுந்து வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆண்டவரே, அக்கா சொல்ல வந்தது உங்களுக்குத் தெரியும். ஆமென்" என்றாள். நான் யாரைப் பார்த்து எரிந்தேனோ, அவள் கையைத்தான் கர்த்தர் எனக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை அவருக்குச் சட்டை மாட்டிவிடும்போது, "சாந்தி வீட்டுக்காரரைக் காப்பாத்தினதுக்கு நன்றி ஆண்டவரே" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் வராத ஜெபம், அதுவும் அவளுக்காக! ஆண்டவர் என்னை விட்டுவிடவில்லை என்று அந்த நிமிஷம் தெரிந்துகொண்டேன். நான் கேட்டதைக் கொடுத்துவிட்டார். ஸ்தோத்திரம்.

என் வீட்டுக்காரரின் கை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. சுகத்துக்காக இன்னும் கேட்கிறோம். சில நாள் மனம் திரும்பவும் காயும். முன்பு மாதிரி அறைக்குள் தனியாக உட்காருவதில்லை. யாராவது ஜெபிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு அவர்கள் விசுவாசம் என்னையும் சேர்த்துச் சுமக்கும்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது ஜெபம் வராமல் இருக்கலாம். கர்த்தரை விட்டுப் போய்விடாதீர்கள். கூட்டத்துக்கு வாருங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா என் பக்கத்தில் உட்காருங்கள்.