அறுக்காமல் விட்ட இணைப்பு

இங்கிலாந்தில் தொலைபேசியை எடுப்பவர் தன் பெயரைச் சொல்வதில்லை. எண்ணைச் சொல்கிறார். மணி அடித்ததும் எடுத்து, "நான்கு ஏழு இரண்டு" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோலக் காத்திருக்கிறார். வந்த முதல் வாரத்தில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துத் தொலைபேசியை நான் எடுத்து, "முத்தையா பேசுகிறேன், நீங்கள் யார், எங்கிருந்து பேசுகிறீர்கள், சௌக்கியமா" என்று ஒரே மூச்சில் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். பக்கத்து மேஜைக்காரன் காலின், "நீ யார் என்பது அவருக்கு எதற்கு? எண் சரியா என்று தெரிந்தால் போதாதா?" என்றான். அவன் கேட்டது நியாயம்தான். ஆனாலும் நான்கு வருஷம் ஆகியும், எண்ணைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசுகிறது.

நான் வளர்ந்த இடத்தில் எண்ணை யாரும் சட்டை செய்வதில்லை, பெயர்தான் எல்லாம். இடுக்கி மலையில் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. எங்களுடையது என்பது பழக்கதோஷத்தில் சொல்வது. வீடு தோட்டத்துக்காரருடையது. செக்ரோல் என்கிற ஆள்பதிவேட்டில் அந்த வீட்டு ஆள் ஒருவரின் பெயராவது நிரந்தரமாக இருக்கும்வரைதான் அது நமக்கு. பெயர் போனால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். எங்கே இறங்குவது என்று யாருக்கும் தெரியாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏறி வந்த குடும்பங்கள். அங்கே திரும்பிப் போனால் எங்களை அடையாளம் சொல்லக்கூட ஆள் கிடையாது.

காலையில் மஸ்டர், அதாவது ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நேரம். எல்லோரும் பனியில் கம்பளிக்குள் ஒடுங்கி நிற்பார்கள். கங்காணி தங்கையா பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். நான் சித்தூர்க் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்த காலம் அது, விடுமுறைக்கு வந்திருந்தேன். அப்பாவுக்கு மூச்சிழுப்பு வந்து எழுந்திருக்க முடியவில்லை. கங்காணி, "சுடலைமுத்து!" என்று அப்பாவைக் கூப்பிட்டதும் நான் முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்ன சுடல, மீசைய எப்பம் எடுத்தீரு?"

"நேத்து சாயங்காலந்தான், கங்காணியய்யா."

கூட்டம் சிரித்தது. "சரி சரி, கவாத்துக்குப் போவும்" என்று சொல்லிவிட்டு அப்பாவின் பெயருக்கு நேராகக் கோடு போட்டுக்கொண்டார். அதைப் பொய் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. கூப்பிடுவது பெயரை. அன்றைக்கு அந்தப் பெயருக்கு எந்த உடம்பு வந்து நிற்கிறதோ, அதுதான் வேலைக்குப் போகும். கவாத்து என்பது தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை; அப்பா போனால் செடி அவருடைய கைப்பழக்கத்தில் வெட்டுப்படும். நான் போனால் என் கைப்பழக்கத்தில், அதாவது கண்றாவியாக.

கிட்டத்தட்ட இதைத்தான் இங்கே சம்பளம் கொடுத்து என்னைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் ஊரில் நம்பமாட்டார்கள். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவதற்கான மொழி ஒன்றை நாங்கள் நான்கு பேர் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். வழக்கமான மொழிகளில், இந்த இடத்தில் இன்ன வேலை நடக்கும் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஓட ஆரம்பித்தபின் அவிழ்க்க முடியாது. எங்கள் மொழியில் ஒரு பொருளைப் பார்த்து 'வரை' என்று பெயரை மட்டும் சொல்கிறோம். அந்தப் பொருள் வட்டமா, வீடா, மரமா என்பது ஓடும்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் அது எந்த இனம் என்று பார்த்து, அந்த இனத்தின் பட்டியலில் 'வரை' என்பதற்கு எழுதியிருக்கும் செய்முறையைத் தேட வேண்டும். அங்கே இல்லாவிட்டால் அதன் தாய் இனத்தின் பட்டியலில் தேட வேண்டும். செய்முறையை இவர்கள் மெதட் என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இப்படித் தேடிக்கொண்டிருந்தால் ஒரு வீடு வரைவதற்குள் பொழுது போய்விடும். அதற்கு வழி செய்வதுதான் என் பங்கு. முதல் தடவை தேடிக் கிடைத்ததும், மெதட் இருக்கும் இடத்தைக் கூப்பிட்ட இடத்திலேயே குறித்து வைத்துவிடுகிறேன். இணைப்பு என்று நாங்கள் சொல்வது அந்தக் குறிப்பைத்தான். அடுத்த தடவை, வந்திருப்பது அதே இனம்தானா என்று ஒரு பார்வை. ஆமென்றால் தேடாமல் நேரே போய்விடலாம். போன கோடையில் இதைச் செய்து முடித்தபோது எங்கள் மொழி நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த உற்சாகத்தில் எங்கள் தலைவி ஹெலனுக்கு மஸ்டர் கதையைச் சொன்னேன். நம் தொழிலின் சாரமே அதில் இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன். அவர் முகம் மாறியது.

"அப்படியானால் நீங்கள் உங்கள் அப்பாவாக நடித்தீர்களா?"

"நடிக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்."

"தெரிந்துமா அவர் வந்ததாக எழுதினார்கள்?"

"அவர் பெயரைத்தானே கூப்பிட்டார்கள்?"

ஹெலன், "மிகவும் சுவாரசியம்" என்றார். நான் பூரித்துப்போனேன். இந்த ஊர்க்காரர்கள் அப்படிச் சொன்னால் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள் என்று அர்த்தம் என்பதை, காலின் பரிதாபப்பட்டுச் சொன்னபிறகே தெரிந்துகொண்டேன். ஊரில் ஒருவர் மேல் வருத்தம் என்றால் அவர் வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிடுவார்கள். இங்கே வருத்தத்தைப் பாராட்டுக்குள் வைத்துத் தருகிறார்கள். பிரித்துப் பார்க்க எனக்கு எப்போதும் இரண்டு நாள் பிடிக்கிறது.

தை மாதத்தில் வீட்டிலிருந்து ஒரு கனத்த உறை வந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல என் தங்கை செல்லத்தாய் எழுதுவாள்.

"எய்யா முத்து, அப்பாவுக்கு ஒரேயடியா மூச்சு முட்டுது. வார பங்குனியோட அவுக பேர எடுத்துருவாகளாம். நீ பள்ளிக்கூடம் போகையில அப்பா உன்னைய அவகாசின்னு எழுதி வச்சாகள்ளா, அதனால அந்த வேல இப்பம் உன் பேருல இருக்கு. நீ வந்து நின்னா உனக்கு. இல்ல, எனக்கு வேண்டாம், தங்கச்சிக்குக் குடுங்கன்னு நீ ஒப்பு போட்டு அனுப்பணுமாம். போட்டுறாதய்யா. போட்டா நீ இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்னு ஆயிரும். இவ நாளைக்குக் கல்யாணம் கட்டிப் போறவதான. நீ ஒரு நட வந்து நில்லு."

அவகாசி என்றால் வாரிசு. ஒப்பு என்றால் கையெழுத்து. அலுவலகச் சொல் எல்லாம் எங்களுக்கு மலையாளம்தான். அம்மா இரண்டு வருஷத்துக்கு முன் சரிவில் விழுந்து கை முறிந்து வேலையை விட்டவள். அன்றிலிருந்து செல்லத்தாய்தான் தற்காலிக ஆளாகக் கொழுந்து பறித்து வீட்டைத் தாங்குகிறாள். தனக்கு வேலை கிடைக்கவிடாதே என்று சொல்லும் கடிதத்தை, அவள் கையாலேயே எழுத வைத்திருக்கிறாள் அம்மா. ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் செல்லத்தாயுடையதாக ஒரே ஒரு வரி இருந்தது: "அம்மா சொன்னத எழுதிட்டேன் அண்ணே, ஒப்பு போடுற தாளும் உள்ள வச்சிருக்கேன்."

அந்தத் தாளை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நான் திரும்பிப் போய்க் கவாத்துக் கத்தி பிடிக்கப்போவதில்லை. அது எனக்கும் தெரியும், செல்லத்தாய்க்கும் தெரியும். கையெழுத்துப் போடாவிட்டால் பங்குனி முடிந்ததும் மூச்சு வாங்கும் அப்பாவும் கை விளங்காத அம்மாவும் வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும் என்பதும் தெரியும். தெரிந்தும் இன்று நாளை என்று தள்ளிப்போட்டேன். உலகத்தில் எங்கேயோ ஒரு பதிவேட்டில் என் பெயர் எனக்காகக் காத்திருக்கிறது என்பது, இந்தக் குளிரில், இந்த எண் சொல்லும் ஊரில், எனக்கு ஒரு தெம்பாக இருந்தது. சுயநலம்தான். இதற்கு வேறு நல்ல பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாசியில் எங்கள் திட்டத்தை மேற்கொண்டு நடத்த அனுமதிக்கலாமா என்று பார்க்க மூன்று பெரியவர்கள் வந்தார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் எனக்கு இந்த நாட்டில் இருக்கக் காரணம் இல்லை. திரையில் ஒரு தோட்டத்தின் படம். பாதையோரம் மரங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஓடிக்கொண்டிருக்கும்போதே எதையும் மாற்றலாம் என்பதுதான் எங்கள் மொழியின் பெருமை. அதைக் காட்ட, ஹெலன் மரத்தை வரையும் மெதட்டை அவர்கள் கண்முன்னே புதிதாக எழுதினார். இனி மரங்கள் இலையுதிர்ந்து மொட்டையாகத் தெரிய வேண்டும். படத்தைத் திரும்ப வரையச் சொன்னார். அதுவரை வரையப்படாத குன்றுப் பக்கத்து மரங்கள் மொட்டையாக வந்தன. பாதையோர மரங்கள் மட்டும் இலையும் தழையுமாக அப்படியே நின்றன.

"பாதி மரங்களுக்கு இன்னும் கோடைகாலமா?" என்று கேட்டார் வந்தவர்களில் மூத்தவர்.

"யாரோ அவற்றுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்" என்று ஹெலன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு நாள் தேவைப்படவில்லை.

அவர்கள் தேநீர் குடிக்கப் போனபின் நான் திரைமுன் உட்கார்ந்தேன். தவறு என்னுடையது. வந்திருப்பது அதே இனம்தானா என்று மட்டும்தான் என் இணைப்பு கேட்டது. மரம் அதே மரம்தான். ஆனால் அந்த வேலையைச் செய்யும் முறை கைமாறிவிட்டது என்பதைக் கேட்க நான் ஏற்பாடே செய்யவில்லை. முன்பே குறித்து வைத்த இடங்களெல்லாம் பழைய மெதட்டையே கூப்பிட்டுக்கொண்டிருந்தன. குன்றுப் பக்கத்து மரங்களைக் கூப்பிட்ட இடத்தில் பழைய குறிப்பு இல்லாததால், அவை மட்டும் புதிதாகத் தேடிச் சரியாக வந்தன. காலினோ ஹெலனோ இந்தத் தவறைச் செய்திருக்கமாட்டார்கள். ஒருமுறை பதிந்த பெயர் அப்படியே நிற்கும், அதை யாரும் அடிக்கக் கூடாது, அடித்தால் வீடு போய்விடும் என்று பயந்து வளர்ந்தவன்தான் இதைச் செய்வான். பரிகாரம் மிகச் சின்னது. புதிய மெதட்டை எழுதும்போதே, அந்தப் பெயருக்குப் போட்டு வைத்த பழைய இணைப்புகள் அத்தனையையும் அறுத்துவிட வேண்டும். அறுத்தால் அழைப்பு நின்றுபோகாது. அடுத்த தடவை ஒருமுறை தேடும், கொஞ்சம் தாமதமாகும், சரியான ஆளிடம் போய்ச் சேரும், அவ்வளவுதான். இதை எழுதி முடித்தபோது மறுநாள் பிற்பகல் ஆகியிருந்தது. பாதையோர மரங்கள் எல்லாம் மொட்டையாக நின்றன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கே இரண்டு வருஷமாக ஒருத்தி மழையிலும் பனியிலும் அந்த வேலையைச் செய்கிறாள். வேலை மட்டும் இன்னும் என் பெயரில் இருக்கிறது.

இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தேன். சாட்சிக் கையெழுத்துக்கு இடம் இருந்தது. ஹெலனிடம் கொண்டுபோனேன்.

"எனக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியாதே. என்ன இது?"

"என் வேலையை விட்டுக்கொடுக்கிறேன்."

அவர் பதறி எழுந்துவிட்டார். "முத்தையா, அந்த மரங்களுக்காகவா? அது சின்ன விஷயம்!"

"இந்த வேலை இல்லை. ஊரில் இருக்கும் வேலை."

"ஊரிலா? அதை எப்போது செய்தீர்கள்?"

"அப்பாவுக்குப் பதிலாகப் போன சில நாள் தவிர, செய்ததே இல்லை."

அவர் தாளை மேஜைமேல் விரித்தார். இந்தத் தடவை சுவாரசியம் என்று சொல்லவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டுவிட்டு, "அஞ்சல் நிலையத்தை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்" என்று மட்டும் சொன்னார். நான் கோட்டுப் போடாமலே ஓடினேன்.

சித்திரையில் செல்லத்தாயின் கடிதம் வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாக எழுதிய முதல் கடிதம்.

"அண்ணே, தாளு பங்குனி முடிய மூணு நாள் இருக்கையில வந்துச்சு. பேர் பதிஞ்சாச்சு. வீடு நமக்குத்தான். அப்பா வாசல்ல வெயில் காயுதாக. அம்மா எட்டு நாளு எங்கிட்டப் பேசல. நேத்து அவளாவே என் கூடைக்குப் புதுக் கயிறு கட்டிக் குடுத்தா, ஒத்தக் கையாலயே. இன்னொண்ணு. இனிமே நீ வந்து தங்குனா வெளியாளுன்னுதான் ஆபீஸ்ல கணக்கு வச்சிக்கிடுவாகளாம். இந்த வீட்டுக்காரின்னு நாந்தான் அபேட்சை மனு எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும். அந்தத் தாளையும் இப்பமே வாங்கி ஒப்பு போட்டு வச்சிட்டேன், நீ ஒண்ணுக்கும் விசனப்படாத. எத்தன நாளு தங்குவேன்னு மட்டும் எழுது. அந்தக் கட்டத்த வெறுமனே விட்டாத் திருப்பிக் குடுத்துருவாக."

எங்கள் திட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆகவே இந்த நாட்டில் தொடர்ந்து தங்க நானும் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். அதிலும் அதே கேள்வி, அதே மாதிரி ஒரு கட்டம். நேற்று அந்த விண்ணப்பத்தையும் அவள் கடிதத்தையும் ஒரே மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த விண்ணப்பத்தில், இரண்டு வருஷம் என்று எழுதினேன். செல்லத்தாய்க்கு எழுதும் கடிதத்தில், வெகுநேரம் யோசித்து, பதினைந்து நாள் என்று எழுதினேன்.