நாற்பது வினாடிக் குரல்பதிவு

போன மாதம் காலமான என் அக்கா, தொழிற்பயிற்சி நிலையத்தில் இருசக்கர வாகன மெக்கானிக் மாணவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தாள். வண்டியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதுவே தன் தகுதி என்பாள்.

நடுவழியில் நின்றுபோன ஸ்கூட்டரை, குரல்பதிவு மட்டும் அனுப்பி, அதன் சொந்தக்காரரையே கிளப்ப வைக்க வேண்டும். இதுதான் அவள் கொடுத்த செயல்திட்டம். படம், வீடியோ கூடாது. "கையைக் கட்டிப் போட்டா வாயும் சேர்ந்து கட்டிக்குதே உங்களுக்கு" என்று சீண்டுவாள்.

வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண்ணுக்கு 'சைலன்சர்' என்று பட்டப்பெயர். வழியில் வண்டி நின்று தவிப்பவர்களின் அழைப்பை எடுத்துப் பேச ஒரு நிறுவனம் ஆள் கேட்டிருந்தது. அந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டாள். அக்காவின் பரிந்துரை இல்லாமல் கிடைக்காது. மற்றவர்கள் ஐந்து நிமிடம் பேசி அனுப்பினார்கள். இவளுடையது நாற்பது வினாடி. நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு அக்கா பத்துக்கு மூன்று போட்டாள்.

மறுநாள் காலை அக்காவின் ஸ்கூட்டரே கிளம்பவில்லை. மாமா உதைத்து உதைத்து வியர்த்துப்போனார். அக்கா, பத்துக்கு ஒன்பது வாங்கிய பையனின் பதிவைப் போட்டாள். அவன் வணக்கம் சொல்லி, ஸ்கூட்டர் பிறந்த கதையை ஆரம்பித்தான்.

"இவன் முடிக்கிறதுக்குள்ள நான் நடந்தே ஆபீஸ் போயிடுவேன். இருக்கிறதுலயே சின்னதா ஒண்ணு போடு" என்றார் மாமா.

சைலன்சரின் குரல் வந்தது. "பெட்ரோல் வாசம் அடிக்குதா? அப்போ சோக்கை உள்ள தள்ளுங்க. ஆக்ஸிலேட்டரை முழுசா திருகிப் பிடிச்சுக்கிட்டு ஆறு தடவை கிக்கரை மிதிங்க. இப்போ கையை விட்டுட்டு ஒரே ஒரு மிதி."

வண்டி உறுமியது.

"இதுக்கு எத்தனை மார்க் போட்ட?"

அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டாள். "தப்பு என்னோடது. ஏம்மா, மூணு போட்டப்போ ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"அது சரியாத்தான் வேலை செய்யும்னு தெரியும், டீச்சர்."

"அப்போ என்னோட ஒன்பது?" என்றான் கதை சொன்னவன்.

"உன் பேச்சுல வண்டி வர்றதுக்கே நாலு நிமிஷம் ஆகுதுடா."

அந்தக் குரல்பதிவையும் சேர்த்துப் பரிந்துரையை அனுப்பினாள். நிறுவனத்து மேலாளர் தொலைபேசியில் இழுத்தார். "நல்லாத்தான் சொல்லுது மேடம். ஆனா ரொம்பக் கொஞ்சமா பேசுதே?"

"கூப்பிடுறவங்க வெயில்ல நிக்கிறாங்க சார்" என்றாள் அக்கா.

அடுத்த வாரமே சைலன்சர் வேலையில் சேர்ந்தாள்.