கேணலுக்குக் கிடைக்காத தேநீர்

காலை ஆறரைக்கு இரவு ரயில் எங்களை யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டது. உடன் வந்தவர் ஓய்வுபெற்ற கேணல். சீருடையைக் கழற்றியதிலிருந்து ஒரே பேச்சுத்தான்: இராணுவத்தைச் சிறிதாக்க வேண்டும், படையினர் தோட்டம் செய்யவும் கடை நடத்தவும் தேவையில்லை, பிடித்த காணிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிங்களப் பத்திரிகைகளில் எழுதுகிறார், யூடியூப்பில் பேசுகிறார். பழைய நண்பர்கள் துரோகி என்கிறார்கள். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன். கொழும்பு வெள்ளவத்தைவாசி, தேநீர் பிந்தினால் சிடுசிடுப்பவன்.

மூடவேண்டிய முகாம்களை ஒரு யூடியூப் பேச்சில் ஊர் ஊராகச் சொல்லியிருந்தார். அதன் கீழே மரியமலர் என்ற பெண் தமிழில் கேட்டிருந்தார்: "எங்கடை ஊரை ஏன் சொல்லேல்லை?" நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் கேணல் புறப்பட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால் ரயில் நேரத்தைத்தான் சொன்னார் மனிதர்.

எட்டு மணிக்கு ஏ9 வீதியில் பஸ். சாவகச்சேரி பதினைந்து கிலோமீற்றர்தான். மரியமலரின் காணி வடகரையில், கடலோடு, இன்னும் இராணுவ முகாமுக்குள். குடும்பம் இருப்பதோ கடல் கண்ணுக்கே தெரியாத இந்த ஊரில், வாடகை வீட்டில். கணவர் குருநகரில் யாரோ ஒருவரின் படகில் தொழிலுக்குப் போகிறாராம்.

படலையில் நின்று கூப்பிட்டோம். மரியமலர் கதிரை போட்டு இருத்திவிட்டு, கேத்திலை அடுப்பில் வைக்க எழுந்தார். அப்போதுதான் ஊரில் அவருடைய வீடு எங்கே என்று கேணல் கேட்டார். மாதா கோயிலுக்கு வடக்கே, கடலைப் பார்த்த நீலச் சுவர் வீடு என்றார். கேணல் தரையைப் பார்த்தபடி சிங்களத்தில் சொன்னார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அந்த முகாமைப் போட்டவர் அவர்தான். அந்த வீட்டின் முன்னறையில்தான் இருந்திருக்கிறார்.

மரியமலர் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"குசினியிலை தேத்தண்ணி வைச்சுக் குடிச்சனியளோ?"

நான் வாய் திறக்குமுன் கேணல் தமிழிலேயே "ஓம்" என்றார்.

பிறகு ஒரு மணி நேரம் கதைத்தோம். காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா, எத்தனை பரப்பு, அயலவர் யார் என்று கேணல் துருவித் துருவிக் கேட்டார். மரியமலரும் மரியாதை குறையாமல் பதில் சொன்னார். தேநீர் மட்டும் வரவில்லை. மின்சார மீற்றர் பார்க்க வருபவரைக்கூட வெறும் வயிற்றோடு அனுப்பாத ஊர் இது. எனக்கோ தலை வலித்தது, குசினி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரியமலர் படலைவரை வந்து வழியனுப்பினார். "தேத்தண்ணி தரேல்லை எண்டு குறை நினையாதேங்கோ. உங்களுக்கு நான் அந்தக் குசினியிலைதான் வைச்சுத் தருவன்."

பஸ் நிலையக் கடையில் இரண்டு தேநீர் சொன்னேன். கேணல் தன்னுடையதைத் தொடவில்லை. மரியமலரின் ஊர்ப் பெயரைத் தமிழில் சரியாக உச்சரிக்கச் சொல்லித்தரும்படி கேட்டார். பஸ் வரும்வரை சொல்லிப் பார்த்தார். அடுத்த பேச்சை அந்தப் பெயரோடுதான் தொடங்கினார். அங்கே தான் யாருடைய வீட்டில் இருந்தார் என்பதையும் சொன்னார்.

வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீர் கொடுத்துத்தான் அனுப்புவோம். அதற்கு முதலில் சொந்தக் குசினி கையில் இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.