கடைசி வாய்க்கு ஒரு ஆட்டோ

மலையாள ஊரான கழக்கூட்டத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் மைதீனின் ஆட்டோவுக்குக் கை காட்டிப் பயனில்லை. பின் சீட்டில் ஒரு தாய் இருப்பார். தாயின் மடியில் மூன்று வயது முதலாளி ஒருவர் இருப்பார். முதலாளியின் முகத்துக்கு நேரே நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறு இருக்கும். வண்டி எந்த ஊருக்கும் போகவில்லை. கிண்ணம் காலியாகும் வரை சுற்றிவிட்டு, ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடும்.

மைதீனுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் ஏர்வாடி. பதினெட்டு வயதில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்தார். பஸ் கிளம்பிவிடும் என்று புரோட்டாவை வாயில் திணித்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்குப் பன்னிரண்டு வருடம் பரிமாறினார். பிறகு ஆட்டோ ஓட்டக் கற்று, ஐ.டி. பார்க் பக்கம் வந்துவிட்டார். மெல்லாமல் விழுங்குகிறவர்களிடமிருந்து தப்பித்து, மென்றாலும் விழுங்காதவர்களிடம் வந்து மாட்டிக்கொண்டதாக அவரே சொல்வார்.

எல்லாம் ஒரு மழைநாளில் ஆரம்பித்தது. ஹைவேயில் நகராத நெரிசல். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத ஒரு குழந்தை, ஆட்டோவின் உறுமலையும் ஆட்டத்தையும் ரசித்தபடி ஒரு கிண்ணம் சோற்றை முழுதாகச் சாப்பிட்டுவிட்டது. அந்தத் தாய் வீடு வந்து சேர்வதற்குள் பிளாட்டின் வாட்ஸாப் குரூப்பில் செய்தி போய்விட்டது. மறுநாள் மாலை மைதீனுக்கு ஐந்து போன். மலையாளத் தாய்மார்கள் இக்கா என்றார்கள், தமிழ்த் தாய்மார்கள் அண்ணே என்றார்கள், லக்னோவிலிருந்து வந்த ஒரு தாய் பையா என்றார். கேட்டது எல்லோரும் ஒன்றைத்தான்.

இந்தத் தொழிலுக்கென்று மைதீன் சில நுணுக்கங்களைக் கண்டுபிடித்தார். கண்ணாடியைப் பின்னால் வருகிற லாரிக்காக வைக்காமல், குழந்தையின் கன்னத்துக்காகத் திருப்பி வைத்தார். "இன்னும் முழுங்கல. இடது பக்கம் ஒதுக்கி வச்சிருக்கான்" என்று ஸ்கேன் எடுத்த டாக்டர்போல் அறிவிப்பார். ரயில்வே கேட்டில் ரயில் போகும்போது குழந்தை வாயைப் பிளந்து பார்க்கும், அது இரண்டு வாய்க்கான இடம். ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னால் கையைப் பின்னுக்கு இழுக்கச் சொல்வார், இல்லாவிட்டால் சோறு மூக்குக்குப் போகும். கடைசி வாய் என்று தாய் சொன்ன பிறகும் இன்னொரு சுற்றுக்குப் பெட்ரோல் வைத்திருப்பார். கடைசி வாய் நான்கு முறை வரும் என்பது இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான வழக்கம்.

அவருடைய மூன்று மகள்களும் இப்படி வளரவில்லை. வீட்டில் சஹன் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்று, சுற்றி நான்கைந்து பேர். "மெதுவா தின்னா பக்கத்துல உள்ளவ தின்னுருவா. அதுல எங்க கொஞ்சுறது" என்பார். சொல்லிவிட்டு, கொஞ்சுவதற்கென்றே வந்திருக்கும் அடுத்த கிண்ணத்தை ஏற்றிக்கொள்வார்.

அவருடைய பயணிகளில் முதல் இடம் அழகியநம்பிக்கு. வயது மூன்று. திருக்குறுங்குடிப் பெருமாளின் பெயரைத் தாத்தாவுக்கு வைத்து, தாத்தா பெயரை இவனுக்கு வைத்திருந்தார்கள். கூப்பிடுவது நம்பி. அம்மா ஸ்ரீப்ரியா நாகர்கோவில், அப்பா விஜய்குமார் பாளையங்கோட்டை, இருவருக்கும் ஐ.டி. பார்க்கில் வேலை. நம்பி பிறந்ததிலிருந்து ஸ்ரீப்ரியா வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் முதல் தேதி ஆபீஸுக்கு வந்தே ஆக வேண்டும் என்று மெயில் வந்துவிட்டது. நம்பிக்கு விளையாட்டுப் பள்ளியில் இடம் கிடைத்தால் ஸ்ரீப்ரியாவுக்கு வேலை இருக்கும். கிடைக்காவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

பள்ளி விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி: குழந்தை தானாகச் சாப்பிடுமா? ஸ்ரீப்ரியா யோசிக்காமல் ஆமாம் என்று போட்டார். வெளிநாட்டு வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் முடியும் என்று சொல்லிவிட்டு, எப்படி என்று இரவெல்லாம் உட்கார்ந்து யோசிப்பது அவருடைய தொழில் தர்மம். ஆனால் இந்தப் பள்ளி சோதித்துப் பார்க்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. புதன்கிழமை காலை பத்தரைக்கு எட்டுக் குழந்தைகளை ஒன்றாக உட்கார வைப்பார்களாம். டிபன் டப்பாவைத் திறந்து கொடுப்பார்களாம். இருபது நிமிடம். பெற்றோர் கேட்டுக்கு வெளியே.

பதில் தேடி ஸ்ரீப்ரியா மாடியேறினார். மேல் பிளாட்டில் ஹரிகுமாரும் ஸ்ரீலட்சுமியும் இருந்தார்கள். கொல்லத்துக்காரர்கள், நார்வேயில் ஐந்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். அவர்களுடைய மகள் நிளாவும் அதே புதன்கிழமை போகிறாள். பதினோராவது மாதத்திலிருந்து அவளுக்கு யாரும் ஊட்டியதில்லை. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளரித் துண்டையும் அவித்த முட்டையையும் முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுவாள். போதும் என்றால் தட்டை எடுத்துவிடுவார்கள். ஸ்ரீப்ரியா அதைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து, மைதீனிடம் ஒரு விபத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

"அந்த அம்மா பக்கத்துல உக்காந்து தன் சாப்பாட்ட சாப்பிடுதாண்ணே. பிள்ள தட்டைத் திரும்பிக்கூடப் பாக்கல."

"போதும்னா?"

"விட்டுட்டாண்ணே. இன்னும் ஒரு வாய்னுகூடக் கேக்கல."

மைதீன், தாயும் பிள்ளையும் ஏதாவது சண்டையா என்று கேட்டார்.

ஸ்ரீலட்சுமியின் யோசனை எளிமையானது. தட்டை முன்னால் வை. பேசாதே, கெஞ்சாதே, அரைமணியில் எடுத்துவிடு, பசி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சனிக்கிழமை ஸ்ரீப்ரியா செய்து பார்த்தார். காலை இட்லியை நம்பி தொடவில்லை. தட்டு போனது. மதியச் சோற்றையும் தொடவில்லை. அவன் வாயைத் திறந்தபடி, சோறு வருமென்று மரியாதையாகக் காத்திருந்தான். அந்தத் தட்டும் போனது. நாலு மணிக்கு விஜய்குமார் பால்கனிக்குப் போய் அழுதார். நாலே காலுக்கு ஸ்ரீப்ரியா மைதீனைக் கூப்பிட்டார். நம்பி இரண்டு சுற்றில் இரண்டு வேளைச் சாப்பாட்டையும் முடித்தான்.

இறங்கும்போது ஸ்ரீப்ரியாவின் கோபம் ஆட்டோ மேல் திரும்பியது. இந்த வண்டியால்தான் பிள்ளை இப்படி ஆனான், இடம் கிடைக்காவிட்டால் குரூப்பில் எழுதிவிடுவேன் என்றார். மைதீனுக்கு இது நியாயமாகவே பட்டது. அதில் ஒரு சங்கடமும் தெரிந்தது. பையன் தானாகச் சாப்பிடாவிட்டால் பெயர் கெடும், சாப்பிட்டுவிட்டால் சவாரி கெடும். ஓட்டலில் இருந்தவர் என்பதால், சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனைப் பசியோடு எழுப்ப அவருக்கு மனம் வராது. யோசித்து ஒரு வழி சொன்னார். புதன்கிழமை பள்ளியின் பின்சுவரோரம் வண்டியை நிறுத்தி, ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டிருப்பது. "சத்தம் கேட்டா வாயத் தொறந்துருவாம்மா. வாய் தொறந்துட்டா மிச்சத்தக் கை பாத்துக்கிடும்." யாருக்கும் தெரியக் கூடாது என்றார் ஸ்ரீப்ரியா. மைதீன் சத்தியம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு தாய் போன் செய்தார். அவருடைய பையனுக்கும் புதன்கிழமைதான். அதே கேள்விக்கு அதே பதில். பள்ளிக்குப் பக்கத்தில் சும்மா ஒரு அரைமணி வண்டியை நிறுத்த முடியுமா, யாருக்கும் தெரியக் கூடாது. மைதீன் சரி என்றார். திங்கட்கிழமை மூன்று பேர். செவ்வாய்க்கிழமை இரண்டு பேர், அதில் லக்னோக்காரரும் ஒருவர். மைதீன் ஏழு பேரின் ரகசியத்தையும் ஏழு பேரிடமிருந்தும் காப்பாற்றினார். எட்டாவதாக ஸ்ரீலட்சுமி மட்டும் போன் செய்யவில்லை.

புதன்கிழமை பத்தரைக்கு டீச்சர் ஷில்பா எட்டு டப்பாக்களையும் திறந்து வைத்தார். தயிர்ச்சாதம், புட்டு, பூரி, ஏத்தன் வாழைப்பழம், ஒரு டப்பாவில் மட்டும் வெள்ளரியும் ரொட்டியும். அப்போது சுவருக்கு அப்பால் ஆட்டோ உறுமியது.

ஏழு வாய்கள் ஒரே நேரத்தில் திறந்தன.

பிரார்த்தனைப் பாட்டுப் பாடப் போகிறார்கள் என்று ஷில்பா முதலில் நினைத்து, தாளம் போடத் தயாரானார். பாட்டு வரவில்லை. வாய்களும் மூடவில்லை. ஏழு பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்கள்போல் அண்ணாந்திருந்தார்கள். நிளா மட்டும் வெள்ளரியைக் குத்திக்கொண்டே, மற்றவர்களின் அண்ணத்தை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள்.

எட்டு நிமிடம் போனது. ஷில்பா ஜன்னலைத் திறந்தார். சுவரோரம் ஆட்டோ நின்றது. கொஞ்ச தூரத்தில் ஏழு தாய்மார்கள், ஒருவரையொருவர் அப்போதுதான் பார்த்தவர்களாக, காதில் போனை வைத்துக்கொண்டு யாரிடமோ பேசினார்கள். ஷில்பாவுக்குப் பாதி புரிந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"ஓஃப் செய்தா பிள்ளேரு வாயடைக்கும் டீச்சரே" என்றார் மைதீன் மலையாளத்தில், மிகுந்த கவலையோடு.

"அடைக்கட்டே."

மைதீன் சாவியைத் திருப்பினார். உள்ளே ஏழு வாய்களும் மூடிக்கொண்டன. வெளியே ஸ்ரீப்ரியா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை அவர் அப்போது மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்.

வகுப்பில் நம்பி தன் டப்பாவைப் பார்த்தான். சோறு இருக்கிறது. ஊட்டும் கை வரவில்லை. சோறு என்பது கையிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும் பொருள் என்பதுதான் மூன்று வருடத்தில் அவனுக்குக் கிடைத்த படிப்பு. தயிர்ச்சாதத்தில் கையை விட்டான். ஒரு உருண்டை பிடித்தான். திரும்பிப் பக்கத்தில் இருந்த நிளாவின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ஆ... கடைசி வாய்."

அதுதான் முதல் வாய். நிளா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். யோசித்தாள். வாயைத் திறந்தாள். விழுங்கினாள். அவள் வீட்டு நியாயப்படி இது இரண்டு பேரும் சம்மதித்து நடக்கும் கொடுக்கல்வாங்கலாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் உடனே ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து அவன் வாயில் வைத்தாள். நம்பி மென்றான். அதைப் பார்த்த புட்டுக்காரன் பூரிக்காரிக்கு ஊட்டினான். பூரிக்காரி, போலீஸ் வருவார் என்று இந்தியில் மிரட்டி அவனுக்கு ஊட்டினாள். ஒருவன் காக்கா பார் என்று மலையாளத்தில் ஜன்னலைக் காட்டி, பக்கத்து டப்பாக்காரனை ஏமாற்றி ஊட்டினான். இருபது நிமிடம் முடியும்போது எட்டு டப்பாக்களும் காலி. சோற்றுப் பருக்கை படாத காது ஒன்றுகூட அந்த வகுப்பில் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த மைதீன், "நம்ம வீட்டு சஹன்தான், தட்டு மட்டும் எட்டு" என்றார்.

ஷில்பா ஸ்ரீப்ரியாவை உள்ளே அழைத்தார். விண்ணப்பத்தில் எழுதியது பொய் என்று ஸ்ரீப்ரியா தானாகவே ஒப்புக்கொண்டார். ஒன்பது வருடமாக அந்தக் கேள்விக்கு இல்லை என்று எழுதிய ஒரு தாயைக்கூடத் தான் பார்த்ததில்லை என்றார் ஷில்பா. நிளாவின் அம்மா மட்டும் "அவளிடமே கேளுங்கள்" என்று எழுதியிருந்தாராம். இன்று பார்த்ததற்கு ஆமாம், இல்லை என்ற கட்டங்களில் எதில் குறி போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டு, ஜூன் முதல் தேதி ஒன்பதரைக்கு அழைத்து வாருங்கள் என்றார். ஏழு பேருக்கும் அதே கோடு.

ஸ்ரீப்ரியாவின் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொன்னார். எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"எத்தன வாய் சாப்பிட்டான் டீச்சர்?"

எண்ணவில்லை என்றார் ஷில்பா. வேலை பிழைத்த சந்தோஷத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது.

திரும்புகிற வழியில் மைதீன் மெதுவாகத்தான் ஓட்டினார். சிக்னலில் நின்றபோது, அப்போ சாயங்காலம் வர வேண்டாமா என்று முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"வழக்கம்போல வாங்கண்ணே. அது ஸ்கூல், இது வீடுல்லா."

மைதீன் தலையாட்டினார். ஸ்ரீப்ரியா மடியில் இருந்தவனின் காதிலிருந்து ஒரு பருக்கையை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"மக்ளே, நீ எவ்வளவு சாப்பிட்ட? அம்மாட்ட சொல்லு."

நம்பி பெரிய மனிதத் தோரணையில் பெருமூச்சு விட்டான்.

"நிளா எல்லாம் சாப்பிட்டா. நல்ல பிள்ள."