பூ நடந்ததற்கு நானே சாட்சி

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது, லுக்குட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும். வீட்டுக்காரர் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பார்; நான் துரை பங்களாவில் வீட்டு வேலை. தொழிலாளிகள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, இருட்டினால் ஊரடங்கு. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடுமாம், அதனால் வேலைக்குப் போகிறவர்களின் தூக்குவாளியைக்கூட வாசலில் திறந்து பார்ப்பார்கள். பால்மரம் வெட்டப் போனவர்கள் வெறும் கருப்புக் காப்பியோடு நின்றார்கள். அது தனிக் கதை. நான் சொல்ல வந்தது ஒரு கண்ணாடித் தொட்டியைப் பற்றி.

துரையின் மனைவிக்கு, துரைசானி என்போம், கடல் என்றால் பைத்தியம். போர்டிக்சன் கடற்கரையில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் காரில் போய், உயிருள்ள பவளக் கல் மூன்றும் ஒரு கடல் சாமந்தியும் கொண்டுவந்து பங்களா வராந்தாவில் கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தார். தொட்டி பெரிசில்லை, நம் வீட்டு டிரங்குப் பெட்டி அளவுதான். பவளம் என்றதும் மாலையில் கோக்கிற சிவப்பு மணியை நினைக்காதீர்கள். பச்சையும் பழுப்புமாகக் கல் போல இருக்கும், அதன் மேலெல்லாம் பொடிப்பொடியாக விரல்கள் விரியும். சாமந்தியோ அசல் பூவேதான்! குட்டைத் தண்டு, மேலே வெளிர் ஊதா இதழ்கள். தண்ணீரில் அது அசைவதைப் பார்த்தால் பறித்துத் தலையில் வைக்கத் தோன்றும். ஒருமுறை விரலால் தொட்டேன். இதழ் விரலில் ஒட்டி இழுத்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

தொட்டிக்குக் காற்று வேண்டும் என்று, குவளையால் அதன் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவது என் வேலை. வெயிலில் வற்றுகிற அளவுக்கு மழைத்தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவது பங்களாவின் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்ட அண்ணனின் வேலை. தண்ணீர்தான் வற்றும், உப்பு வற்றாது, அதனால் மறுபடி கடல் தண்ணீரை விட்டால் உப்பு ஏறிவிடும் என்று துரைசானி சொல்லியிருந்தார். அந்த அண்ணன் நாற்பது வயதுக்காரர். என் வீட்டுக்குப் பின்னால்தான் அவர் வீடும். தண்ணீர் ஊற்றிவிட்டு உடனே போகமாட்டார், குனிந்து நின்று பார்ப்பார். "நம்ம பூ எப்படி இருக்கு புள்ள?" என்பார். நம்ம பூவாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொட்டி என் பொறுப்பு என்ற திமிர் அப்போது எனக்கு.

துரைசானி உடம்பு சரியில்லாமல் பினாங்குக்கு வைத்தியத்துக்குப் போனார். போகும்போது தொட்டியை என்னிடம் ஒப்படைத்து, யாரும் அதில் கை வைக்கக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். அவர் போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலையில் பார்க்கிறேன், சாமந்தி இருந்த இடத்தில் இல்லை! தொட்டியின் அந்த ஓரத்தில் இருந்தது இந்த ஓரத்துக்கு வந்து, பச்சைப் பவளத்தின் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் அந்தப் பவளத்தின் ஒரு பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. பூ என்றால் ஒருவர் பிடுங்கி வைக்காமல் இடம் மாறுமா?

துரை பார்த்துவிட்டார். அந்தக் காலத்துத் துரைமார்கள் தமிழ் படித்துப் பரீட்சை எழுதி வந்தவர்கள், லயத்துப் பேச்சு அப்படியே வரும். ஏற்கெனவே அவர் தூக்கம் கெட்டுக் கிடந்தார். பக்கத்துத் தோட்டத்தில் இளமரங்களை யாரோ வெட்டிச் சாய்த்திருந்தார்கள். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"யாரு கை வச்சான்? இன்னைக்கு இந்தத் தண்ணி. நாளைக்கு நான் குடிக்கிற தண்ணி!"

என் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. வாய் முந்திக்கொண்டது.

"எனக்குத் தெரியாதுங்க தொரை. அந்தப் பூந்தோட்டத்து அண்ணன்தான் அடிக்கடி இங்க வந்து நிப்பாரு."

அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் யாரைச் சொன்னேன்? அவருடைய தம்பியைத் தொழிற்சங்கத்தில் இருந்தார் என்று முந்தின வருஷம்தான் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியிருந்தார்கள். விசாரணை என்று ஒன்றும் கிடையாது அப்போது. பெயர் அடிபட்டால் போதும். அது எனக்கும் தெரியும், லயத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

மத்தியானம் போலீஸ் ஜீப் வந்தது. அண்ணன் கல்வாழைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கை கழுவக்கூட விடவில்லை, மண் கையோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். சமையற்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். போய் ஒரு வார்த்தை சொல்லக் கால் வரவில்லை.

சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயா சொன்ன? தம்பிய அனுப்புன மாதிரி இவரையும் அனுப்பிட்டா நாலு புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? சொல்லு லா!" என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. கேள்விதான் கேட்டார். நான் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன். என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைக்காமல் எழுந்துவிட்டார். "வாய் இருக்குன்னு பேசிட்டியே" என்றார்.

மறுநாள் காலையில் குவளையை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன். பார்த்தேன். சாமந்தி மறுபடியும் இடம் மாறியிருந்தது! பச்சைப் பவளத்தை விட்டு நடுவிலிருந்த பழுப்புப் பவளத்துக்கு நகர்ந்திருந்தது. அண்ணன் லுக்குட் போலீஸ் ஸ்டேஷனில் பூட்டிக் கிடக்கிறார். வராந்தாவில் என்னைத் தவிர ஓர் ஈ காக்கை இல்லை.

கீழேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது, தண்டு அதற்கு இந்தப் பக்கம். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அசைந்த மாதிரியே தெரியவில்லை. ஆனால் பதினோரு மணிக்குக் கொட்டகையில் ரப்பர் பால் நிறுக்கிற நேரத்துக்குள் தண்டு கீறலைத் தாண்டிவிட்டது. அடிப்பாவி, இது பூ இல்லையடி, உயிர்ப் பிராணி! தானாக ஊர்கிறது, தொட்ட கல்லைக் கொட்டுகிறது.

துரையிடம் ஓடினேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணீர் ஆறிப்போகும் வரைக்கும் பார்த்தார். பிறகு போய் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார். குற்றம் சொன்னவளே நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றார்களாம். அவர் காரிலேயே போனோம்.

ஸ்டேஷனில் ஒரு மலாய் சார்ஜன். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள். அண்ணனைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அதே பனியன், விரலில் அதே மண் காய்ந்துபோய். நான் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்: நான்தான் இவர் பெயரைச் சொன்னேன், நான் சொன்னது தப்பு, இவர் ஒன்றையும் தொடவில்லை, பூ தானாகவே நடந்து போயிருக்கிறது.

கான்ஸ்டபிள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மலாயில் சொன்னார். "பூங்ஙா ஜாலான்?" என்றார் சார்ஜன், பூ நடக்குதா என்று. ஸ்டேஷனே சிரித்தது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். மறுபடி சிரிப்பு. துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் கான்ஸ்டபிள் அண்ணன் பக்கம் திரும்பி, கேலியாக, "என்னாய்யா, பூ நடந்துச்சாமே, நீ நம்புறியா?" என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ள பொய் சொல்லாதுங்க. நடந்துச்சுன்னு சொன்னா நடந்திருக்கும்."

நின்ற இடத்திலேயே பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்றிருந்தது. என் பேச்சினால் ஓர் இரவு முழுக்க உள்ளே கிடந்த மனுஷன் அவர்.

துரை பொறுப்பேற்று அவரை விடுவித்தார். காரில் வரும்போது "அண்ணே" என்று ஆரம்பித்தேன், அழுகைதான் வந்தது. "விடு புள்ள. அது எம்மாந் தூரம் நடந்துச்சு?" என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். "அம்மாடி!" என்று ஆச்சரியப்பட்டார். அவர் மனைவி மட்டும் என்னோடு பேச வெகுநாள் ஆயிற்று. அது நியாயம்தான்.

துரைசானி திரும்பி வந்து, செத்த பவளங்களை எடுத்துப் போட்டார். அவ்வளவு சின்னத் தொட்டியில் பவளத்தையும் சாமந்தியையும் சேர்த்து வைத்தது தன் தப்பு என்றார். சாமந்தியைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டார்கள்.

இப்போது என் பேத்தி கைபேசியில் இந்தப் பிராணி ஊர்வதைப் படமாகவே காட்டுகிறாள். அன்றைக்குப் படம் ஏது? ஒரு சாட்சியும் கேட்காமல் என் வார்த்தையை நம்பினார் அந்த அண்ணன். அவர் தப்புப் பண்ணியிருக்க மாட்டார் என்று நான் நம்புவதற்கோ ஒரு பூ நடந்து காட்ட வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலை நிமிர மாட்டேன் என்கிறது.