என் சாவுக்கு என் கையெழுத்து

மகளின் பள்ளியில் தினமும் ஒரு பக்கம் எழுதும் வழக்கம் வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் டீச்சர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுவார். வரலாற்றில் இதே நாளில் இன்னது நடந்தது, நீ அங்கே இருந்திருந்தால்? பிள்ளை எழுத வேண்டும், வீட்டில் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை!

முதல் நாள் மகளின் நோட்டில் ஒரு கப்பல் மூழ்கியது. அம்மாவும் மகளும் படகில் ஏறிவிட்டார்கள். அப்பா மட்டும் கையை ஆட்டிக்கொண்டே தண்ணீருக்குள் போனார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் நிலநடுக்கம். செருப்பை எடுக்கத் திரும்பி ஓடி, இடிபாட்டில் மாட்டிக்கொண்டேன். பிறகு ஓர் எரிமலை. கொள்ளைநோய் நாளில் என்னைத் தூக்கக்கூட ஆள் வரவில்லை. எல்லாவற்றின் அடியிலும் சிவப்பு மையில் ‘மிக நன்று’, பக்கத்தில் என் கையெழுத்து.

ஆயக்குடியிலிருந்து திண்டுக்கல்லுக்கு லோடு ஆட்டோவில் கொய்யா ஏற்றிவருவது என் பிழைப்பு. சும்மாவே பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் எமன் என்னைக் கூப்பிடுவதுபோல் இருக்கும். தன் சாவுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒருவன் எப்படி ஸ்டியரிங்கைப் பிடிப்பான்?

மனைவியைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். “நான் போட்டா நானே உங்களை முடிச்சுவிட்ட மாதிரியில்ல இருக்கும்” என்றாள்.

ஒரு நாளைக்காவது கதையில் என் இடத்தில் அம்மாவைப் போடக் கூடாதா என்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அம்மா போயிட்டா கதையில யாருப்பா சோறு பொங்குறது? உருக்கமா இருக்கணும்னு டீச்சர் சொல்லிருக்காங்க. நீங்கன்னா சட்டுனு வருது.”

சாகாமல் ஒரு பக்கத்தையாவது தாண்டிவிட வேண்டும் என்று டீச்சரையே போய்ப் பார்த்தேன். உலகத்தில் நல்லது நடந்த நாள் ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு போனைத் தள்ளிப் பார்த்து, நாளைக்கு பலூன், மனிதன் முதலில் வானத்தில் பறந்த நாள் என்றார். அன்று ஓட்டிய வண்டிதான் வண்டி. அதற்குப் பிறகுதான், பலூனிலிருந்து விழவும் செய்யலாமே என்று உறைத்தது.

மறுநாள் நோட்டை ஒற்றைக் கண்ணால் படித்தேன். பலூனில் அம்மாவும் மகளும் ஏறினார்கள். அப்பா வரவில்லை. காத்து பலமாக இருக்கிறது, சாப்பிட்டீர்களா, நல்லா பிடிச்சுக்கங்க என்று கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார். பலூன் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு மேலே போனது. அப்பா கொய்யாப்பிஞ்சு அளவுக்குச் சிறுத்துப்போனார். அவ்வளவுதான். நான் தரையில், உயிரோடு.

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

“அப்புறம் எறங்குனீங்களா, இல்லையா?”

“பக்கம் முடிஞ்சுருச்சுப்பா.”

“ஓரத்துல எழுது. எறங்காம எப்படி நான் போடுறது?”

முனகிக்கொண்டே ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோட்டத்தில் பத்திரமாக இறங்கினோம்.

அந்தப் பக்கத் தோட்டங்கள் எனக்குத் தெரியும். பாதித் தோட்டங்களில் சுற்றுச்சுவரில்லாத கிணறு. கேட்க வாயைத் திறந்தேன். மகள் பேனாவை என் கையில் திணித்து, விரல்களையும் சேர்த்து மடக்கிவிட்டாள்.